பதில்: கேமராவைப் பார்த்ததும் அப்பா விறைத்துப்போகிறார்

அறுபதாம் கல்யாணப் படத்துக்கு “சிரிங்கப்பா” என்றால் உதடு மட்டும் இழுபடுகிறது, கண் சிரிக்கவில்லை என்கிறீர்கள். “சிரிங்க” என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். கண்ணைச் சுற்றியுள்ள தசை, நிஜமாகச் சிரிக்கும்போது சுருங்குவதுபோல், பலருக்குச் சொன்னதும் சுருங்காது. பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் 1862-லேயே இதை எழுதிவிட்டார்.

உங்கள் 50 எம்எம் லென்ஸே போதும். கேமராவை முக்காலியில் அவர் கண் மட்டத்தில் நிறுத்தி, ரிமோட்டோடு லென்ஸை ஒட்டி நில்லுங்கள். கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் அவர் யாரைப் பார்த்துச் சிரிப்பார்? ஒரு அடி தள்ளி நின்றாலே பார்வை விலகிவிடும். லென்ஸ் துளை (அபெர்ச்சர்) எஃப்/4, ஷட்டர் வேகம் 1/250 நொடி, அடுத்தடுத்துப் படமெடுக்கும் தொடர் ஷாட்.

பேத்தி செய்யும் சேட்டையைச் சொல்லச் சொல்லுங்கள். பேசும்போதே எடுத்தால் வாய் கோணும். சொல்லி முடித்து, சிரிப்பு அடங்கும் அந்த ஓரிரு நொடியில் அழுத்துங்கள். எடுத்ததை உடனே காட்டாதீர்கள். தன் பல்லைப் பார்த்தால் மறுபடி வாயை இறுக்கிக்கொள்வார்.