சோலாங்கில் நண்பர் பெயரில் வாங்கிய வீடு: புகார் கொடுக்கும் முன்

கேள்வி: கோவையில் வசிக்கும் ஓய்வு பெற்ற பொறியாளர் நான். பனிச்சறுக்குக் காலத்தில் குடும்பத்தோடு தங்குவதற்காக, 2019-இல் மணாலிக்கு மேலே சோலாங் பக்கம் ஒரு காட்டேஜ் வாங்கினோம். வெளிமாநிலத்தவர் பெயரில் பதிவாகாது என்றதால், எங்களுக்குப் பல வருடம் கார் ஓட்டிய உள்ளூர் விவசாயி ஒருவர் பெயரில் கிரயம் முடித்தோம். 38 லட்சமும் என் வங்கிக் கணக்கிலிருந்துதான் போனது. எனக்குப் பவர் எழுதித் தந்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு நகை செய்து போட்டவன் நான். இப்போது பூட்டை மாற்றிவிட்டு, ஹோம்ஸ்டே நடத்துகிறார். மோசடிப் புகார் கொடுத்து வீட்டை மீட்கலாமா? உயிலாவது எழுதி வாங்கலாமா?

பதில்: கல்யாண நகை, மாற்றிய பூட்டு, பழகிய வருடங்கள் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். கிரயப் பத்திரத்தில் இருப்பது அவர் பெயர். மாநில அரசின் அனுமதியை நீங்கள் வாங்கவில்லை. வழக்கு இவ்வளவுதான். அந்த வீடு உங்களுக்குக் கிடைக்காது.

இமாச்சலத்தின் 1972-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் 118-வது பிரிவின்படி, அந்த மாநில விவசாயி அல்லாதவருக்கு அரசு அனுமதி இல்லாமல் நிலம் கைமாற முடியாது. பொள்ளாச்சியில் தோப்பு வைத்திருந்தாலும் அங்கே நீங்கள் விவசாயி ஆக மாட்டீர்கள். மலைச் சரிவில் துண்டு துண்டாக நிலம் வைத்திருப்பவர்களைக் காக்க வந்த சட்டம் இது. வெளியூர்ப் பணம் எவ்வளவு வேகமாக அங்கே பாய்கிறது என்று பார்த்தவன் என்ற முறையில், அது தேவை என்றே நினைக்கிறேன். நீங்கள் செய்ததையும் அந்தப் பிரிவு முன்கூட்டியே யோசித்திருக்கிறது. வெளியாள் பணம் கொடுத்து உள்ளூர் விவசாயி பெயரில் வாங்குவதையும், பவர் கொடுத்து வெளியாளை நிலத்தில் உட்கார வைப்பதையும் நிலமாற்றம் என்றே அது சொல்கிறது. உயிலும் உதவாது, எழுதுபவரின் சட்டப்படியான வாரிசுக்குப் போகும் உயிலுக்கு மட்டும்தான் விலக்கு.

சரி, உங்கள் உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். புகாரில் என்ன எழுதுவீர்கள்? பணம் என்னுடையது, பெயர் மட்டும் அவருடையது என்று. அந்த ஒரு வரியே பினாமிச் சட்டத்தின் கீழ் ஒப்புதல் வாக்குமூலம். மனைவி, பிள்ளைகள் பெயரில் சொந்தப் பணத்தில் வாங்கினால் விலக்கு உண்டு. நண்பருக்கு இல்லை. சொத்து என்னுடையது என்று வழக்குப் போடவே அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவு தடை. குற்றம் நிரூபணமானால் ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம், சொத்தும் பறிமுதல். இன்னொரு பக்கம், உங்கள் மனுவின் நகலை யாராவது மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்தாலே 118-இன் கீழ் விசாரணை தொடங்கிவிடும். அது முடிந்தால் நிலம் அரசுக்குப் போய்விடும். கோபத்தில் காவல் நிலையத்துக்கு ஓடி, வீட்டையும் இழந்து, வருமான வரித்துறை நோட்டீசோடு என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் காப்பாற்ற வழி இருக்கவில்லை, ஏனென்றால் சாட்சியே அவர்கள் கையெழுத்துதான்.

இரண்டாவது படுகுழி இன்னும் மோசம். கடன் கொடுத்ததாகப் பழைய தேதி போட்டு ஒரு பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். முத்திரைத்தாள் விற்ற தேதி பதிவில் இருக்கிறது, உங்கள் வாட்ஸ்அப் செய்திகள் அவர் போனில் இருக்கின்றன. இப்போது பினாமி மட்டும்தான். அப்புறம் பொய்ப் பத்திரமும் சேர்ந்துகொள்ளும். அவரே மனம் மாறி வீட்டை உங்களுக்குத் திருப்பி எழுதித் தந்தாலும் செல்லாது, பினாமிதாரர் உரியவருக்குத் திருப்பி எழுதுவதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது.

அதனால் சமாதானமாகப் போங்கள். வீட்டைக் கேட்காதீர்கள், பணத்தைப் பற்றிப் பேசுங்கள். போட்டதில் பாதி வந்தாலும் நல்ல முடிவுதான். ஏறிய விலையில் பங்கு கேட்டால் பேச்சு அன்றோடு முறியும். தண்டனை பெயர் கொடுத்தவருக்கும் உண்டு, அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அதைச் சொல்லி மிரட்டி ஒரு செய்திகூட அனுப்பாதீர்கள். ஒன்று கவனியுங்கள்: பினாமிச் சொத்தை விற்று வந்த பணத்தையும் சட்டம் பினாமிச் சொத்தாகவே பார்க்கிறது. சமாதானம் உங்கள் இருவருக்குள் மட்டும்தான், அரசைக் கட்டுப்படுத்தாது. ஆகவே எதிலும் கையெழுத்துப் போடும் முன் வருமான வரி வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலிடம் வங்கிக் கணக்கோடு போய், எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பேரப்பிள்ளைகளோடு பனிக்காலத்தில் அங்கே இருக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. அதற்கு நேர்வழி உண்டு. 118-இன் கீழ் அனுமதி கேட்டு மனுச் செய்யலாம். மாநில வீட்டு வசதி அமைப்பான ஹிமுடாவின் வீடுகளைப் பார்க்கலாம். இல்லையென்றால் மணாலி ஊருக்குள் சீசனுக்கு வாடகை வீடு எடுங்கள். எந்த வழியானாலும் பத்திரமும் பணமும் ஒரே பெயரில் இருக்கட்டும்.

புகாரை எழுதி முடித்திருந்தால் கொடுக்காதீர்கள். கையிலிருக்கும் பவரை வைத்து எதையும் செய்யாதீர்கள். வங்கி ரசீது, பத்திர நகல் எதையும் அழிக்கவும் வேண்டாம்.