நாய்க்குட்டி கேட்ட தம்பிக்கு

சிங்கப்பூர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, உட்லண்ட்ஸில் வாடகை வீடு, மகள் நாய்க்குட்டி கேட்கிறாள், எந்த இனம் வாங்கலாம், எம்ஆர்டி ரயிலில் கூட்டிப் போகலாமா, டாக்டர் செலவு தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எம்ஆர்டியில் ஏற்ற முடியாது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அனுமதித்த சிறிய இன நாய் ஒன்றுதான் வளர்க்கலாம், உரிமம் கட்டாயம். வீட்டுக்காரரிடமும் கேட்டுவிடுங்கள். அதற்குள் எந்த இனம் என்பது உங்கள் இஷ்டம். செலவைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், பட்டவன்.

1998இல் வந்தபோது தோ பாயோவில் ஓர் அறையில் ஆறு பேர். நாயைப் பற்றி யார் நினைத்தார்கள்? சொந்த வீடு வாங்கி, 2015 வாக்கில்தான் ஒரு ஷிட்சு இன நாய் வந்தான், மணி. அடுத்த வருடம் காதில் புண். கிளினிக் போனால் முந்நூறு நானூறு வெள்ளி (டாலர்) போய்விடுமே என்று ஊர்ப் பழக்கத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டேன். தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் அனுப்பிய மாதம் வேறு. மூன்று வாரம் ஓடிவிட்டது. ராத்திரியெல்லாம் தலையை உதறுவான், காது பட்டுச் சுவரெல்லாம் பழுப்புத் தீற்றல். பக்கத்து வீட்டில் புகார் கொடுத்துவிட்டார்கள். வந்த அதிகாரி டாக்டரிடம் காட்டிய ரசீது கேட்டார். நான் மஞ்சள் டப்பாவைக் காட்டினேன்.

எச்சரிக்கையோடு விட்டார்கள். 2014இல் விலங்குகள், பறவைகள் சட்டத்தைத் திருத்தியபோதே, நோயை உடனே கண்டறிய வைப்பது வளர்ப்பவர் கடமை, தவறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை என்று வைத்துவிட்டார்களாம். எனக்கு அன்றுதான் தெரியும். கிளினிக்கில் பாக்கி வைத்தால் அது கடன். காட்டாமலே வைத்திருந்தால்தான் வழக்கு. செலவுக்குப் பயந்து நாயை அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே விட்டுவிட்டு வந்தால் அதுவும் வழக்குதான். கையில் காசில்லை என்றால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எது அவசரம், எது பொறுக்கும் என்று பிரித்துச் சொல்வார், தவணையும் கேட்டுப் பார்க்கலாம். நானும் கடைசியில் அதைத்தான் செய்தேன், அதற்குள் பில் மூன்று மடங்கு.

நம்மவர்களில் சிலர் வேலை பாஸ் (வேலை அனுமதி) கிடைத்த கையோடு பூடில் வாங்குவார்கள். பாஸ் புதுப்பிக்கவில்லை என்றதும், கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, “அண்ணே, நாயை வச்சுக்கிறீங்களா?” என்று வாட்ஸ்அப். எனக்கே நாலைந்து வந்திருக்கிறது. அந்த வரிசையில் நீங்கள் சேராதீர்கள். இப்போதெல்லாம் நான் மாதாமாதம் 100 வெள்ளி நாய்க்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன், இரண்டாவது நாய் இது.

மணி 2022 வரை இருந்தான். காது நன்றாகவே ஆறிவிட்டது. ஆனால் சாம்பாருக்கு மஞ்சள் டப்பாவைத் திறந்தால் போதும், கட்டிலுக்கடியில் போய்விடுவான்.