மீண்டும் இறைச்சிக்குத் திரும்புவோர் கேட்டவை: ஓர் உணவியலாளரின் கேள்வி பதில்

தாவர உணவை மட்டுமே உண்டு பார்த்துவிட்டு இறைச்சிக்குத் திரும்ப நினைப்பவர்களும், ஏற்கெனவே திரும்பிவிட்டவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவமனை உணவியலாளராகப் பணியாற்றி வருகிறேன். ‘தாவர உணவு’ என்று நான் எழுதும் இடத்திலெல்லாம் பால், முட்டை, தேன் உட்பட விலங்கிடமிருந்து வரும் எதையும் சேர்க்காத உணவையே குறிப்பிடுகிறேன். பாலும் தயிரும் உண்ணும் சைவர்களின் நிலை பல வகையில் வேறானது.

கேள்வி: அம்மா, ஐந்து ஆண்டுகள் முழுத் தாவர உணவில் இருந்தேன். ஆறு மாதங்களாகக் களைப்பு, பாதங்களில் மரத்துப்போன உணர்வு. இறைச்சிக்குத் திரும்பினால் சரியாகிவிடுமா?

பதில்: பாதம் மரத்துப்போவதாக நீங்கள் எழுதியிருப்பதால் உங்களுக்கே முதலில் பதில் எழுதுகிறேன். இறைச்சி வாங்குவதற்கு முன் இரத்தப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். இந்த வாரமே செல்லுங்கள். முழு இரத்த எண்ணிக்கை, பி12, உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகிய மூன்றும் கட்டாயம் பார்க்கப்பட வேண்டும்.

பி12 வைட்டமினைச் செடிகளும் உருவாக்குவதில்லை, விலங்குகளும் உருவாக்குவதில்லை, நுண்ணுயிரிகளே உருவாக்குகின்றன. அது விலங்குகளின் உடலில் சேர்வதால்தான் இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றின் வழியாக நமக்குக் கிடைக்கிறது. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.4 மைக்ரோகிராம் போதும். உடலோ சில மில்லிகிராம் அளவுக்கு, பெரும்பகுதியைக் கல்லீரலிலேயே, சேமித்து வைத்திருக்கிறது. ஆகவே உணவில் பி12 அறவே நின்றுபோன பிறகும் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஒருவருக்கு எந்தக் குறையும் தெரியாமல் இருக்கலாம். ‘நான்கு ஆண்டுகள் நன்றாகத்தானே இருந்தேன்’ என்று சொல்லி என்னிடம் வருபவர்கள் பொய் சொல்வதில்லை. அந்த நான்கு ஆண்டுகளும் அவர்கள் பழைய கையிருப்பைச் செலவழித்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. கீரையும் பருப்பும் பழமும் மிகுந்த உணவில் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் நிறைய இருக்கிறது; மாத்திரையில் வரும் அதன் வடிவமே ஃபோலிக் அமிலம். ஃபோலேட் மிகுந்திருக்கும்போது, பி12 குறைவால் வர வேண்டிய இரத்தசோகை வெளியே தெரியாமல் மறைந்துகொள்ள, நரம்புச் சிதைவு மட்டும் உள்ளே தொடர்ந்து நடக்கலாம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதோடு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இதே காரணத்தால்தான், பி12 அளவு தெரியாமல் ஃபோலிக் அமில மாத்திரையைத் தாமாகவே தொடங்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

வாரத்தில் சில வேளை இறைச்சியோ மீனோ உண்பது குறைபாடு வராமல் காக்கும். நரம்பைத் தொட்டுவிட்ட குறைபாட்டுக்கு அது போதாது. ஊசி அல்லது மிக அதிக அளவிலான மாத்திரை தேவைப்படும், அதை மருத்துவர் முடிவு செய்வார். தவிர, பி12 குடலில் உறிஞ்சப்பட இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். அது குறைந்தவர்களும், நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் அல்லது இரைப்பை அமிலம் குறைக்கும் மாத்திரைகளைப் பல ஆண்டுகளாக எடுப்பவர்களும் நாள்தோறும் இறைச்சி உண்டாலும் குறைபாட்டுக்கு ஆளாகலாம்.

கேள்வி: பல ஆண்டுகள் இறைச்சி உண்ணாவிட்டால் அதைச் செரிக்கும் ஆற்றலை உடல் இழந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை. பெப்சின், டிரிப்சின் போன்ற நொதிகள் புரதத்தைத்தான் உடைக்கின்றன. அந்தப் புரதம் பயறிலிருந்து வந்ததா, ஆட்டிலிருந்து வந்ததா என்று அவை பார்ப்பதில்லை. நீங்கள் இத்தனை ஆண்டுகள் பருப்பைச் செரித்தது இவற்றைக் கொண்டுதான்.

அப்படியானால் முதல் வேளை இறைச்சிக்குப் பிறகு பலருக்கு வயிறு கனப்பது ஏன்? பெரும்பாலும் கொழுப்பினால். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையைவிட்டு மெதுவாகவே வெளியேறும். பல ஆண்டுகளுக்குப் பிறகு உண்கிறோம் என்ற ஆவலில் பெரிய அளவாக, எண்ணெயில் பொரித்ததாக உண்பவர்கள் அந்தக் கனத்தை இறைச்சியின் குற்றமாக எண்ணிக்கொள்கிறார்கள். அடுத்த சில நாட்களில் மலச்சிக்கல் வந்தால், தட்டில் இறைச்சி ஏறியதும் காயும் பயறும் இறங்கிவிட்டன என்று பொருள். குடல் நுண்ணுயிரிகளும் மாறுகின்றன: 2014இல் வெளியான ஓர் ஆய்வில், முழுக்க விலங்கு உணவுக்கு மாறியவர்களின் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் சில நாட்களுக்குள்ளேயே மாறிவிட்டதையும், பழைய உணவுக்குத் திரும்பியதும் அதுவும் விரைவில் பழைய நிலையை அடைந்ததையும் கண்டார்கள்.

ஆகவே உள்ளங்கையில் பாதி அளவுக்குக் கொழுப்பு குறைந்த இறைச்சியையோ மீனையோ வேகவைத்து, நீங்கள் வழக்கமாக உண்ணும் பருப்பு, காய்களோடு சேர்த்து உண்ணுங்கள். இரண்டு மூன்று நாட்கள் விட்டு மீண்டும் உண்ணுங்கள். நன்றாக வேக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்; கோழி இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவ வேண்டாம். கிருமிகள் தெறித்து சமையலறை முழுவதும் பரவும். நீண்ட காலம் இறைச்சி சமைக்காதவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: உண்ண வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்; ஆனால் வாடை குமட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: உங்களை வற்புறுத்திக்கொள்ளாதீர்கள். முட்டையிலிருந்து தொடங்கலாம், அதோடு நின்றுவிடவும் செய்யலாம். பி12 மாத்திரையும் முட்டையும் பாலும் உங்கள் தேவையைப் பெருமளவு நிறைவேற்றும் என்றால், குமட்டலை வென்று இறைச்சியை உண்டுதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். முட்டையிலுள்ள பி12 அவ்வளவு நன்றாக உறிஞ்சப்படுவதில்லை என்பதால் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: எங்கள் மூன்று வயது மகனைத் தாவர உணவில்தான் வளர்த்தோம். இப்போது இறைச்சியை எப்படிப் பழக்குவது?

பதில்: குழந்தையின் எடை, உயரம், இரத்த அளவுகளை நேரில் பார்க்காமல் நான் பதில் சொல்ல மாட்டேன். குழந்தைநல மருத்துவரிடம் செல்லுங்கள். இதுவரை பி12 கொடுக்கப்படவில்லை என்றால் தாமதிக்காமல் செல்லுங்கள்.

கேள்வி: திரும்பி இரண்டு மாதங்கள் ஆகின்றன. கோழியும் மீனும் ஒத்துக்கொள்கின்றன. ஆட்டிறைச்சி உண்ட இரவுகளில் மட்டும், நான்கைந்து மணி நேரம் கழித்து உடலெங்கும் தடிப்பும் அரிப்பும் வருகின்றன. பழக்கம் விட்டுப்போனதால் இருக்குமா?

பதில்: பழக்கத்தோடு இதற்குத் தொடர்பில்லை. ஒவ்வாமை மருத்துவரைப் பார்க்கும்வரை ஆடு, மாடு, பன்றி இறைச்சி எதையும் தொடாதீர்கள்.

நீங்கள் சொல்லும் விவரங்கள் ‘ஆல்ஃபா-கால்’ ஒவ்வாமையை நினைவூட்டுகின்றன. ஆல்ஃபா-கால் என்பது பெரும்பாலான பாலூட்டிகளின் உடலில் இருக்கும் ஒரு சர்க்கரை மூலக்கூறு. மனிதர்களிடமும், மீன், பறவைகளிடமும் அது இல்லை. சில வகை உண்ணிகள் கடிக்கும்போது நம் உடல் அந்த மூலக்கூறுக்கு எதிராகச் செயல்படப் பழகிவிடுகிறது. மற்ற உணவு ஒவ்வாமைகள் பெரும்பாலும் சில நிமிடங்களில் தலைகாட்டும்போது, இது இரண்டு முதல் ஆறு மணி நேரம் கழித்தே வருவதால், இரவு உணவுக்கும் நள்ளிரவு அரிப்புக்கும் பலர் முடிச்சுப் போடுவதில்லை. அண்மைக் காலத்தில் உண்ணி கடித்ததா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ, நாக்கும் தொண்டையும் வீங்கினாலோ, தலை சுற்றினாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள்.

கேள்வி: இறைச்சி செரிக்க நொதி மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: தேவையில்லை. காரணத்தை இரண்டாவது கேள்விக்கு எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சமைக்க நேரமில்லை. சாசேஜ், ஹாம் போன்றவற்றிலிருந்து தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவிலும், ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் சிவப்பு இறைச்சியை ‘உண்டாக்க வாய்ப்புள்ளவை’ என்ற அடுத்த பிரிவிலும் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுகிறது என்பது அவர்களது கணிப்பு. புகையிலையும் அதே முதல் பிரிவில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை என்று கொள்ளக் கூடாது. அந்தப் பிரிவு சான்றின் உறுதியைச் சொல்கிறதே தவிர ஆபத்தின் அளவைச் சொல்லவில்லை. ஆயினும் புதிதாகத் தொடங்கும் ஒருவர் இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. சிவப்பு இறைச்சியைச் சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுகள் தாவர உணவில் வாடிப்போய், இறைச்சி உண்ட மூன்றாம் நாளே எனக்கு உயிர் திரும்பி வந்தது. மனிதன் புலால் உண்ணவே பிறந்தவன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பதில்: உங்கள் நலனில் மகிழ்ச்சி. ஆனால் மூன்று நாட்களில் அது சான்றாகாது. பி12 ஊசியே போட்டாலும் புதிய சிவப்பணுக்கள் பெருகத் தொடங்கச் சில நாட்களும், ஹீமோகுளோபின் இயல்பை அடையச் சில வாரங்களும் ஆகும். இரும்புச்சத்தின் கையிருப்பு நிறைய மாதங்கள் ஆகும். மூன்று நாட்களில் மாறக்கூடியவை உண்ட உணவின் மொத்த அளவு, புரதம், உப்பு, எதிர்பார்ப்பு ஆகியவை. நீங்கள் அந்த மூன்று ஆண்டுகளும் வயிறார உண்ணாமலேயே இருந்திருக்கலாம். பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இப்போது நன்றாக இருப்பதாலேயே அது தள்ளிப்போய்விடும் என்று அஞ்சுகிறேன்.

கேள்வி (மேற்கண்டவருக்கு மறுப்பாக வேறொருவர்): முறையாகத் திட்டமிட்டால் தாவர உணவு எல்லோருக்கும் போதும் என்று அறிவியல் கழகங்களே சொல்லிவிட்டன. திரும்புபவர்கள் மன உறுதி இல்லாதவர்கள். நீங்கள் அவர்களுக்குத் துணைபோகிறீர்கள்.

பதில்: அமெரிக்காவின் ஊட்டச்சத்து மற்றும் உணவியல் கழகம் 2016இல், தகுந்தபடி திட்டமிட்ட தாவர உணவு ஊட்டத்தில் நிறைவானது என்று சொன்னது. அதை நானும் ஏற்கிறேன். அந்த உணவில் பல ஆண்டுகளாக நலமாக இருக்கும் பலருக்கு நான் ஆலோசனை சொல்லி வருகிறேன். அவர்களில் ஒருவரையும் இறைச்சிக்கு அழைத்ததில்லை.

ஆனால் அந்த வாக்கியத்தின் முழுச் சுமையும் ‘தகுந்தபடி திட்டமிட்ட’ என்ற இரண்டு சொற்களின் மேல் இருக்கிறது. தாவரங்களிலுள்ள இரும்பு, இறைச்சியிலுள்ள ஹீம் இரும்பைப் போல் எளிதாக உறிஞ்சப்படுவதில்லை. எலுமிச்சை, நெல்லி போன்ற வைட்டமின் சி உணவோடு உண்டால் கூடுகிறது, உணவோடு தேநீரோ காப்பியோ குடித்தால் குறைகிறது. மாதவிடாயில் மிகுதியாக இரத்தம் இழக்கும் ஒரு பெண், இதையெல்லாம் எவரும் சொல்லித்தராமல், பி12 மாத்திரை தேவை என்பதையும் அறியாமல், இரண்டு ஆண்டுகள் போராடிவிட்டுத் திரும்பினால், அவரிடம் குறைவாக இருந்தது மன உறுதி அன்று. 2014இல் அமெரிக்காவில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் எடுத்த கணக்கெடுப்பில், இறைச்சியை விட்டவர்களில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பேர் பின்னர் திரும்பியிருந்தனர். அத்தனை பேரையும் உறுதியற்றவர்கள் என்று ஒதுக்கினால், அவர்கள் ஏன் திரும்பினார்கள் என்பதை நாம் அறியவே மாட்டோம்.

கேள்வி (முன்னவரே): அப்படியானால் விலங்குகளின் துன்பமும் சூழலும் உங்களுக்குப் பொருட்டில்லையா?

பதில்: பொருட்டு உண்டு. விலங்கைக் கொல்வது சரியா என்பதை இரத்தப் பரிசோதனையால் தீர்க்க முடியாது என்பதால்தான் அதில் தீர்ப்புச் சொல்லாமல் இருக்கிறேன். ஆனால் இறைச்சிக்குத் திரும்புபவர் தம் பழைய தட்டுக்கு அப்படியே திரும்ப வேண்டியதில்லை என்பதை அழுத்திச் சொல்வேன். மாட்டிறைச்சி உண்டாக்கும் பசுங்குடில் வாயுக்கள் பயறு வகைகளைவிடப் பல மடங்கு அதிகம். வாரம் இருமுறை முட்டையோ, பி12 மிகுந்த சிப்பி வகைகளோ, சிறு மீனோ சேர்த்துக்கொண்டு மற்றெல்லா வேளையும் தாவர உணவையே தொடர்பவர், தாம் எந்தக் காரணத்துக்காகத் தொடங்கினாரோ அதில் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்கிறார். ‘முழுவதும் இல்லையேல் எதுவுமில்லை’ என்ற நிலையே பலரை முழு அசைவத்துக்குத் தள்ளுவதை நான் கண்டிருக்கிறேன்.

இதன்பின் மனிதப் பற்களின் வடிவம், குடலின் நீளம் பற்றிப் பதினோரு செய்திகள் வந்துள்ளன. பல்லின் வடிவத்தை வைத்து எவருக்கும் நான் உணவுத் திட்டம் எழுதியதில்லை. அவற்றுக்குப் பதில் எழுதப் போவதில்லை.

கேள்வி: கருவுற்றிருக்கிறேன். தாவர உணவை விட்டுவிட்டேன். இரும்புக்காக ஈரல் உண்ணச் சொல்கிறார்கள்.

பதில்: ஈரலைத் தவிர்த்துவிடுங்கள். அதில் ரெட்டினால் வடிவிலான வைட்டமின் ஏ மிக அதிகம், கருவைப் பாதிக்கலாம். இரத்தசோகைக்கு ஈரல் நல்லது என்ற பெயர் வந்ததில் வரலாறு இருக்கிறது: 1926இல் மைனாட், மர்ஃபி என்ற அமெரிக்க மருத்துவர்கள் அப்போது உயிர்கொல்லியாக இருந்த ஒரு வகை இரத்தசோகையை நாள்தோறும் ஈரல் உண்ணவைத்தே மாற்றினார்கள், 1934இல் விப்பிள் என்ற இன்னோர் ஆய்வாளரோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஈரலில் வேலை செய்தது பி12 என்பது 1948இல் அதைப் பிரித்தெடுத்த பிறகே தெரிந்தது. இன்று அது மாத்திரையாகவே கிடைக்கிறது. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் முன்பு தாவர உணவில் இருந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: யூரிக் அமிலம் அதிகம். திரும்பலாமா?

பதில்: உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். ஈரலும் மத்தி போன்ற மீன்களும் வேண்டாம்.

கேள்வி: எட்டு ஆண்டுகள் உண்ணவில்லை. வயிறு இறைச்சியை ஏற்குமா?

பதில்: ஏற்கும். இது இன்று மூன்றாம் முறை. தயவுசெய்து மேலே படியுங்கள். பி12 பார்த்தீர்களா?

கேள்வி (முதலில் கேட்டவர்): அம்மா, நாளை காலை பரிசோதனைக்குச் செல்கிறேன். ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: பத்து நாட்களாக நானே பி12 மாத்திரை வாங்கி விழுங்கி வருகிறேன். முடிவு சரியாக இருக்குமா?

பதில்: இரத்தத்தில் பி12 அளவு உயர்ந்தே காட்டும், அதை வைத்துக் குறைபாடு இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. திசுக்களுக்குப் பி12 போதவில்லை என்றால் அது உயர்ந்திருக்கும். மாத்திரை தொடர்ந்தால் அதுவும் விரைவில் இயல்புக்கு இறங்கிவிடும் என்பதால் நாளையே எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பத்து நாள் மாத்திரையையும் பாதம் மரத்துப்போவதையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டு செல்லுங்கள்; அவசரத்தில் சொல்ல மறந்துவிடும். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.