நீலகிரி மலை ரயிலை நீராவி இன்ஜினோடு படம் எடுக்க எங்கே நிற்க வேண்டும்?

குன்னூருக்குக் கீழே. சுருக்கமாகக் கேட்டால் இவ்வளவுதான் பதில்.

குன்னூருக்கு மேலே, ஊட்டிக்குப் போகும் வழியில் உள்ள கேத்திப் பள்ளத்தாக்கு, லவ்டேல் ஸ்டேஷன் என்று யார் யாரோ போட்ட படங்களைப் பார்த்துவிட்டு, முதல் முறை நானும் நேராகக் கேத்திக்குத்தான் போனேன். குளிரில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்டபோதே வயிற்றில் ஏதோ கரைந்தது. நீராவி இன்ஜின் விசில் அடிக்கும், ஹாரன் அடிக்காது. வந்தது டீசல். தினசரி வண்டிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைதான் நீராவி இன்ஜின். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு ஊட்டி வரை டீசலை மாட்டுகிறார்கள். கேத்தி அழகான ஊர்தான், ஆனால் நீங்கள் தேடுவது அங்கே வராது.

இடம் தேடுவதற்கு முன்னால், வண்டியில் இன்ஜின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பாதையில் பெட்டிகள் உருண்டுவிடக் கூடாது என்பதற்காக, இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். காலையில் மேலே ஏறும்போது பின்னால் நின்று தள்ளும். மதியம் இறங்கும்போது முன்னால் நின்று தாங்கிக்கொண்டே வரும். எதிரே நின்று கேமராவைத் தூக்கினால் ஏறும் வண்டியில் உங்களுக்குக் கிடைப்பது முதல் பெட்டியின் மேடையில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்தான். அதுவும் நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்ஜின் கடைசியில் எங்கோ இருக்கும்.

சரி, அப்படியானால் இறங்கும் வண்டியை எடுத்துவிடலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். இறங்கும்போது இன்ஜினுக்கு வேலை குறைவு, புகையும் ஆவியும் குறைவு. வெடித்துக் கிளம்பும் ஆவி வேண்டுமானால் ஏறும் வண்டிதான். 12 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றம் அது. தண்டவாளத்துக்கு நடுவே உள்ள பல்சட்டத்தை, அதாவது பற்கள் வைத்த இரும்புச் சட்டத்தை, கவ்விக்கொண்டு ஏறும். இந்த எக்ஸ் வகை இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் கீழே உள்ள இரண்டு மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டிப் பல்சட்டம் தொடங்கியதும் மேலே உள்ள இரண்டும் சேர்ந்துகொள்ளும். பக்கவாட்டில் இரண்டு அடுக்குத் தண்டுகளும் அசைகிற அந்த நேரத்தில் எடுத்த படமும் சமதளத்தில் எடுத்த படமும் ஒன்றல்ல.

இதற்கு நான் கண்ட வழி வளைவின் உட்பக்கம். பாதையில் 208 வளைவுகள் இருப்பதாகக் கணக்கு. உட்பக்கம் நின்றால் பெட்டிகள் வில்லாக வளைந்து போக, கடைசியில் இன்ஜின் முழுசாகத் தெரியும். புகை பெட்டிகளை மறைப்பதும் குறைவு. வண்டியில் டிக்கெட் எடுத்துப் போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்: முன் பெட்டியில் உட்கார்ந்து வளைவில் பின்னோக்கிப் பார்த்தால் இன்ஜின். கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தால் சத்தம் மட்டும்.

இனி ஒரு நாள் எப்படிப் போகலாம் என்று சொல்கிறேன். சென்னையிலிருந்து வருகிற நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்துக்கு ஆறு மணிக்கு மேல் வந்து சேரும். மலை ரயில் 7.10-க்குப் புறப்படும். நடுவில் உள்ள நேரத்தை டீக்கடையில் கழிக்காதீர்கள். இன்ஜின் பெட்டிகளோடு சேர்வதும், ஆட்கள் எண்ணெய்க் குவளையோடு சக்கரங்களைச் சுற்றி வருவதும் அப்போதுதான் நடக்கும். ஜனவரியில் அந்த நேரத்துக்குத்தான் சூரியன் எழும்பும். குளிர்ந்த காற்றில் ஆவி கலையாமல் வெள்ளையாகத் திரண்டு நிற்கும். கிழக்குப் பக்கம் நின்றால் இன்ஜினின் இரும்பு தெரியும். மேற்குப் பக்கம் நின்று வெயிலை எதிரே வைத்தால் ஆவி விளக்குப் போட்ட மாதிரி ஒளிரும், இன்ஜின் கறுத்துப்போகும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

ஊரைத் தாண்டியதும் பவானி ஆற்றுப் பாலம். முந்தின நாள் சாயங்காலமே ஊருக்கு வந்துவிட முடிந்தால் நல்லது. கீழே இறங்கும் வண்டி ஐந்தரை மணியளவில் வந்து சேரும். அதை வைத்து எங்கிருந்து எவ்வளவு தெரிகிறது என்று ஒத்திகை பார்த்துவிடலாம். அடுத்து கல்லாறு, பாக்குத் தோப்புகளின் ஊர். பாக்கு மரங்களுக்கு நடுவே புகை எழும்புகிற படம் இந்தப் பாதையில் வேறெங்கும் அமையாது.

மலை ரயில் குன்னூர் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே தூரத்தை பஸ் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்துவிடும். ஆகவே கல்லாற்றில் வண்டியை வழியனுப்பிவிட்டு, சாலையில் அதை முந்திக்கொண்டு போய் மேலே காத்திருக்கலாம். நான் போய் நிற்பது காட்டேரிப் பூங்கா. மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையில், ரன்னிமேடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேயிலைச் சரிவில் முதலில் புகைதான் தெரியும், வண்டி பிறகுதான் வரும். அதனால் அவசரமே இல்லை, ஒரு பிளாஸ்க் காபி குடித்து முடிக்கலாம். மே மாதம் மட்டும் யோசித்துப் போங்கள். கூட்டம் தாங்காது, சாலைகளை ஒருவழியாகவும் மாற்றிவிடுவார்கள்.

ஹில்குரோவ் ஸ்டேஷனை வண்டியில் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே இன்ஜின் தண்ணீர் குடிக்கும். பயணிகள் இறங்கி நிற்கலாம். தண்ணீர்க் குழாய் இன்ஜினை நோக்கித் திரும்புவதிலிருந்து நிரம்பி வழிவது வரை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கும். நான் குனிந்து லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு வந்து லென்ஸ் மூடியை எடுத்துக்கொண்டு கூரைக்குப் போய்விட்டது. கடித்துப் பார்த்துவிட்டுப் பள்ளத்தில் எறிந்தது. பிஸ்கட் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஹில்குரோவிலிருந்து தண்டவாளம் வழியாக நடந்து போய் எடுத்த பழைய படங்களைப் பார்த்துவிட்டு அந்த ஆசையில் போகாதீர்கள். ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், கல்லாறுக்கும் ஹில்குரோவுக்கும் நடுவே யானை நடமாட்டம் அதிகம். குறுகிய பாதை, ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். எதிரே யானை வந்தால் ஒதுங்க இடமில்லை.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏறும்போது வண்டியின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்குப் பக்கம்தான், சைக்கிளில் போகிறவர் முந்திவிடுவார். எனவே ஷட்டர் வேகம் 1/250 நொடி தாராளம். கறுத்த இன்ஜினைப் பார்த்துக் கேமரா தானாக வெளிச்சத்தை ஏற்றிவிடும், ஆவி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். ஆவியைப் பார்த்து வெளிச்ச அளவை வையுங்கள், நிழலைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம். செல்போன் என்றால் திரையில் ஆவியின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

அப்புறம், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கிளம்புகிறவர்கள் முதல் நாள் வண்டி ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் பாறையும் மண்ணும் சரிந்து நாள்கணக்கில் நிறுத்திவிடுவது வழக்கம். நான் ஒருமுறை நவம்பரில் விசாரிக்காமல் போய், மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அந்தப் படம் மட்டும் நல்ல ஃபோகஸில் இருக்கிறது.