காமிக்ஸ் வரைஞ்சாச்சு, இனி எப்படி அனுப்புறது? வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயந்தான், சொந்தமா வரைஞ்ச காமிக்ஸை ஆன்லைன் இதழுக்கு எப்படி அனுப்புறதுன்னு. மத்த கேள்விகளை அடுத்த தடவைக்கு எடுத்து வச்சுட்டேன்.

கேள்வி: ஒரு இதழ்ல "காமிக்ஸ், சீக்வென்ஷியல் ஆர்ட் அனுப்பலாம்"னு போட்டிருக்காங்க. ரெண்டும் வேற வேறயா? நான் வரைஞ்ச 8 பக்கக் கதைல ஒரு வசனம்கூட கிடையாது. அனுப்பலாமா?

தாராளமா அனுப்புங்க. சீக்வென்ஷியல் ஆர்ட்ங்கிற பேரைப் பரவலாக்கினவர் அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர், 1985ல வந்த அவரோட புத்தகத் தலைப்புலயே அந்தப் பேர் இருக்கு. படங்களை வரிசையா அடுக்கி அந்த வரிசையாலயே ஒரு கதையோ மனநிலையோ சொல்ற எதுவும் அதுல அடங்கும், காமிக்ஸும் அதுக்குள்ளதான். வசனம் எழுதுற பலூன் இருந்தாத்தான் ஆச்சுன்னு இல்ல, கட்டம் போடணும்னுகூட இல்ல.

ஆனா வசனம் இல்லாத கதைன்னா அனுப்புறதுக்கு முன்னாடி ஒன்னு பண்ணுங்க. கதை தெரியாத ஒருத்தர்கிட்ட 8 பக்கத்தையும் கொடுத்துட்டு நீங்க வாயே திறக்காம பக்கத்துல உக்காந்து அவர் கண்ணை மட்டும் பாருங்க. ரெண்டு கட்டத்துக்கு நடுவுல விடுற வெள்ளை இடம் இருக்குல்ல, கட்டர்னு சொல்வாங்க, அங்கதான் படிக்கிறவர் நீங்க வரையாததைத் தானே நடத்திக்கிறார். ஒரு கட்டத்துல கை தாழ்ப்பாள் மேல இருக்கு, அடுத்ததுல ஆள் தெருவுல நிக்கிறார்னா கதவு திறந்ததை யாரும் வரைய வேண்டியதில்ல. அதே ஆள் அடுத்த கட்டத்துல வேற சட்டை, வேற வீடுன்னா, இது அவர்தானா, எத்தனை நாள் ஆச்சுன்னு படிக்கிறவர் அங்கேயே நின்னுடுவார். எந்த இடத்துல அவர் முந்தின பக்கத்துக்குத் திரும்பிப் போறாரோ அங்க இன்னொரு கட்டம் தேவைப்படுதுன்னு அர்த்தம். எடிட்டர் படிக்கும்போது விளக்கம் சொல்ல நீங்க பக்கத்துல இருக்கமாட்டீங்க, பக்கந்தான் பேசணும்.

கேள்வி: ஏ4 தாள்ல மை போட்டு வரைஞ்சு ஸ்கேன் பண்ணேன். ஒரு இதழ் 300 டிபிஐ கேக்குது, இன்னொன்னு 1600 பிக்சல் அகலம்னு கேக்குது. ஒரு பக்கமே கிட்டத்தட்ட 25 எம்பி வருது. தலை சுத்துது.

டிபிஐங்கிறது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளிங்கிறது, தாள் அளவோட சேர்த்துப் பார்த்தாத்தான் அர்த்தம் உள்ள கணக்கு, ஸ்கிரீனுக்குத் தெரியுறது பிக்சல் மட்டுந்தான். ஏ4 தாளை 300ல ஸ்கேன் பண்ணா 2480க்கு 3508 பிக்சல் வரும், 600ல பண்ணா ரெண்டு எண்ணும் இரட்டிப்பு. மைக்கோட்டு வேலைன்னா 600லயே ஸ்கேன் பண்ணி அந்த ஒரிஜினலைத் தொடாம பத்திரமா வச்சுக்கோங்க, பின்னாடி யாராவது அச்சுல போடக் கேட்டா அது வேணும். அனுப்புறதுக்கு ஒரு காப்பி எடுத்து, அந்த இதழ் கேக்குற அகலத்துக்குச் சுருக்குங்க. நிழல் காட்ட புள்ளி புள்ளியா ஸ்கிரீன்டோன் போட்டிருந்தீங்கன்னா சுருக்கும்போது அலை அலையா ஒரு கோலம் கிளம்பும், அதனால சுருக்கின படத்தை முழு அளவுல திறந்து பாக்காம அனுப்பவே அனுப்பாதீங்க.

மைக்கோடு, தட்டையான கலர்னா பிஎன்ஜி ஃபைலா சேமிங்க. ஜேபெக்ல ரொம்ப அமுக்கினா கோட்டைச் சுத்தி அழுக்கு மாதிரி படியும். வாட்டர்கலர் மாதிரி வேலைக்கு நல்ல தரத்துல ஜேபெக் போதும். கலர் ஸ்கிரீனுக்கான ஆர்ஜிபில இருக்கட்டும், அச்சுக்கான சிஎம்ஒய்கேல விட்டா ஸ்கிரீன்ல நிறம் வேற மாதிரி தெரியலாம். ஃபைல் பேரை 01, 02ன்னு வைங்க, வெறும் 1, 2ன்னு வச்சா சில இடத்துல 10ஆம் பக்கம் 2ஆம் பக்கத்துக்கு முன்னாடி போய் உக்காந்துக்கும், உங்க கதை அங்கேயே குழம்பிடும்.

இதெல்லாத்தையும் விட எனக்கு முக்கியமாப் படுறது, வாசகர்கள் நிறையப் பேர் போன்லதான் படிப்பாங்கங்கிறது. ஏ4 அகலம் 21 செமீ, போன் அகலம் சுமார் 7 செமீ, அப்போ தாள்ல நீங்க எழுதின 3 மிமீ எழுத்து அங்க 1 மிமீதான். உங்க பக்கத்தை உங்க போன்லயே விரலால பெருசாக்காம படிச்சுப் பாருங்க. முடியலைன்னா ஒரு பக்கத்துல 9 கட்டம் இருக்கிறதை 4, 5ஆ பிரிக்கிறது பத்தி யோசிங்க, இல்லன்னா வசனத்தைக் குறைங்க.

கேள்வி: பலூன்ல தமிழ் டைப் பண்ணா "கொ" உடைஞ்சு கொம்பும் காலும் தனித்தனியா வருது. என்ன பண்றது?

எழுத்துல தப்பில்ல. யூனிகோட் தமிழை ஒழுங்கா சேர்த்துக் காட்டுற வேலை அந்த சாஃப்ட்வேர்ல நடக்கலை. பழைய போட்டோஷாப்னா பிரிபெரன்சஸ்ல டைப் பகுதிக்குப் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்னு இருக்கிறதைத் தேர்ந்தெடுங்க, மூடித் திறந்து புது ஃபைல்ல டைப் பண்ணிப் பாருங்க. அப்புறம் வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்க, மேல "கி", "கீ" சுழியும் கீழ "கு", "கூ" வாலும் ஒன்னோட ஒன்னு முட்டாம இருக்கணும். தமிழ்ச் சொல் நீளம், "போயிட்டிருந்தாங்களா"ன்னு ஒரு சொல்லே ஒரு வரியை அடைச்சுக்கும், அதனால வசனத்தை முதல்ல எழுதி வச்சுட்டு அதைச் சுத்தி பலூன் போடுங்க. கையெழுத்து நல்லா இருந்தா கையாலயே எழுதுங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும், கோடும் எழுத்தும் ஒரே கையில இருந்து வந்த மாதிரி இருக்கும்.

கேள்வி: கதை என் தோழியோடது, படம் என்னோடது. யார் பேர்ல அனுப்பணும்? முதல்ல காப்பிரைட் பதிவு பண்ணணுமா?

ரெண்டு பேர் பேரும் போகணும், யார் எழுத்து யார் ஓவியம்னு முதல் பக்கத்துலயே போடுங்க. அனுப்புறதுக்கு முன்னாடியே பணம் வந்தா எப்படிப் பிரிக்கிறது, பின்னாடி புத்தகமாப் போட யார் சம்மதம் வேணும்னு ஒரு மெயில்லயாவது எழுதி வச்சுக்கோங்க. நெருங்கின ரெண்டு பேர் நடுவுல இதை எழுதுறது சங்கடமாத்தான் இருக்கும், ஆனா எழுதாம விட்டு ஒரு நல்ல கதை வருஷக்கணக்கா வெளிய வராம முடங்கிப் போனதை நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்.

பதிவைப் பொறுத்தவரை, 1886ல உருவான, காப்பிரைட் பத்தின சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைல சேர்ந்த நாடுகளோட படைப்புகளுக்கு, படைச்சதுமே உரிமை வந்துடும், பதிவு பண்ணாத்தான் உரிமைன்னு கிடையாது. நீங்க பாக்க வேண்டியது இதழோட நிபந்தனையை. "முதல் வெளியீட்டு உரிமை"ன்னு கேட்டா சரி, வெளிவந்த பிறகு மத்த உரிமை உங்ககிட்டயே இருக்கும். "எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும்"னு இருந்தா கேள்வி கேளுங்க, கேக்கிறதுக்காக யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, கோவிச்சுக்கிட்டா அந்த இடம் உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: முதல் ரெண்டு பக்கத்தை இன்ஸ்டால போட்டுட்டேன். இனி அனுப்ப முடியாதா? ஒரே கதையை ரெண்டு இதழுக்கு அனுப்பலாமா?

சில இதழ் அதையும் "ஏற்கெனவே வெளிவந்தது"ன்னு கணக்கு வைக்கும், சிலது கண்டுக்காது. மறைக்காம, கதையோட அனுப்புற கடிதத்துல ஒரு வரி சொல்லிடுங்க. ரெண்டு இடத்துக்கு அனுப்புறதும் அவங்க விதியைப் பொறுத்துதான், அனுமதி இருந்து ஒருத்தர் எடுத்துக்கிட்டா அன்னைக்கே மத்தவங்களுக்குத் தெரியப்படுத்துங்க.

கேள்வி: மூணு தடவை அனுப்பி மூணு தடவையும் "இப்போதைக்குப் பொருந்தவில்லை"ன்னு ஒரே வரி. காரணம் சொல்லக் கூடாதா?

வலிக்கும், எனக்குத் தெரியும். வர்ற எல்லாத்துக்கும் காரணம் எழுதினா அவங்களுக்கு இதழ் கொண்டுவர நேரம் இருக்காது. நீங்க அனுப்பினதுல ஒன்னு, 40 பக்கக் கதையோட முதல் 6 பக்கம்னு எழுதியிருந்தீங்க. அங்கதான் எனக்கு சந்தேகம். ஒரு பெரிய கதையோட ஆரம்பம் ஆளுங்களை அறிமுகப்படுத்துறதோட நின்னுடும், தனியா படிக்கிறவருக்குக் கையில ஒன்னும் மிஞ்சாது. அந்த 40 பக்கத்துலயே பாட்டி ரேடியோவைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கிற இடம் வருதுன்னு சொன்னீங்களே, அதை மட்டும் 5, 6 பக்கத்துல முழுசா முடியுற மாதிரி வரைஞ்சு அடுத்த தடவை அதை அனுப்புங்க. கடிதம் நாலு வரி போதும், பாட்டி யாருன்னு கடிதத்துல விளக்காதீங்க.