சும்மா இருக்கும் செயலியை எழுப்புவது யார்?

லினக்ஸ் இயக்குதளத்தின் மையமான கெர்னலில் செயலியின் தூக்கம், டைமர், டிக் (சீரான இடைவெளியில் அடிக்கும் டைமர் குறுக்கீடு) பற்றி என்னிடம் வந்த கேள்விகளில் சில இங்கே. எடுத்துக்காட்டு எண்கள் இன்டெலின் ஸ்கைலேக் மடிக்கணினிச் செயலிகளுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் அட்டவணையில் உள்ளவை.

கேள்வி: ஓட்டுவதற்கு எந்த வேலையும் இல்லாதபோது செயலி என்ன செய்கிறது? வெறும் லூப்பில் சுற்றுமா?

டாஸ் காலத்தில் அப்படித்தான் சுற்றியது. லினக்ஸில் செயலிக்குள் தனியாக வேலை செய்யும் ஒவ்வொரு கோருக்கும் ஓர் ஐடில் டாஸ்க் உண்டு. அதன் பெயர் ஸ்வாப்பர், எண் 0. ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை அதைக் காட்டாது. வேறு யாரும் ஓடக் காத்திருக்காதபோதுதான், அடுத்து எதை ஓட்டுவது என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் அதை அழைக்கும். அது உடனே, தூக்கத்தின் ஆழத்தை முடிவு செய்யும் கவர்னரிடம், 'எவ்வளவு ஆழமாகத் தூங்கலாம்?' என்று கேட்கும். (ஆளுநர் என்று எழுதினால் அரசியலாகிவிடும், கவர்னராகவே இருக்கட்டும்.) பதில் கிடைத்ததும் எம்வெயிட் அல்லது ஹால்ட் கட்டளையைப் போட்டுக் கோர் நின்றுவிடும். டைமரோ வேறு சாதனமோ அனுப்பும் ஏதாவது ஒரு குறுக்கீடு வந்தால்தான் அடுத்த அடி.

கேள்வி: சி10 என்ற மிக ஆழ்ந்த தூக்க நிலையில்தான் மின்சாரம் மிகவும் மிச்சமாகும் என்றால், எப்போதும் அதிலேயே போட்டுவிடலாமே?

எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வரப் போகிற கடைக்காரர் ஷட்டரை இறக்கிப் பூட்டுவாரா? இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் ஆகும் நேரத்தில் டீயே ஆறிவிடும்.

எண் ஏற ஏறத் தூக்கம் ஆழம். சி1 நிலையிலிருந்து எழ 2 மைக்ரோ விநாடி போதும். சி6 என்றால் 85, சி10 என்றால் 890. எழும் நேரம் மட்டும் கணக்கில்லை. உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் செலவாகும் மின்சாரத்தை ஈடுகட்டக் குறைந்தது எவ்வளவு நேரம் தூங்க வேண்டும் என்ற கணக்கும் உண்டு. சி6க்கு அது 200 மைக்ரோ விநாடி, சி10க்கு 5000. அதற்கு முன்பே எழுப்பப்பட்டால் தூங்கியதே நஷ்டம்.

ஆகவே கவர்னர் செய்வது பந்தயம் கட்டுவது. அடுத்த டைமர் எப்போது அடிக்கும் என்பது அதற்குத் தெரியும். நெட்வொர்க் அட்டை எப்போது கதவைத் தட்டும் என்பது தெரியாது. மெனு என்ற கவர்னர் கடைசி 8 தூக்கங்களின் நீளத்தைப் பார்த்து, அவற்றில் ஒரு சீர் தென்படுகிறதா என்று தேடும். 2019இல் 5.1 பதிப்பில் வந்த டியோ கவர்னர், பெரும்பாலும் எழுப்புவது டைமர்தான் என்ற நம்பிக்கையில் தொடங்கி, அந்த நம்பிக்கை எத்தனை முறை பொய்த்தது என்று எண்ணிக்கொண்டே போகும். எனக்குப் பிந்தையதன் போக்கு பிடிக்கும்.

கேள்வி: என் கெர்னல் டிக் இல்லாத வகை என்கிறார்கள். ஆனால் டைமர் குறுக்கீடுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறதே?

பெயர் செய்த குழப்பம். 2007இல் 2.6.21 பதிப்பில் வந்த வசதி, கோர் சும்மா இருக்கும்போது மட்டுமே டிக்கை நிறுத்தும். வேலை ஓடினால் டிக்கும் ஓடும். அதற்கு முன்பு சும்மா இருந்தாலும் அடித்துக்கொண்டே இருந்தது. விநாடிக்கு 250 டிக் என்றால் 4 மில்லி விநாடிக்கு ஒரு முறை எழ வேண்டும். சி10க்கு 5 மில்லி விநாடி தேவை என்று மேலே பார்த்தோம். அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது.

இதில் ஒரு நுணுக்கம். 4.17 பதிப்பு வரும் வரை கெர்னல் முதலில் டிக்கை நிறுத்திவிட்டு, பிறகுதான் கவர்னரைக் கேட்டது. கவர்னர் 'குட்டித் தூக்கம்தான்' என்று சொன்னால் நிறுத்திய வேலை வீண். அதைவிட மோசம், கவர்னரின் கணிப்புத் தவறி யாருமே எழுப்ப வராவிட்டால் கோர் மேலோட்டமான சி1இலேயே நெடுநேரம் கிடந்து மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். இப்போது முதலில் கவர்னரைக் கேட்கிறது. குட்டித் தூக்கம் என்றால் டிக் அப்படியே இருக்கும். கணிப்புத் தவறினாலும் அந்த டிக் வந்து எழுப்பி, இன்னும் ஆழமாகப் போகச் சொல்லும்.

வேலை ஓடும்போதும் டிக்கை நிறுத்தும் வசதி 3.10இல் வந்தது. ஒரு கோரில் ஒரே ஒரு டாஸ்க் மட்டும் ஓடினால்தான் அது பலிக்கும். மடிக்கணினிக்கு வேண்டாம்.

கேள்வி: ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தாலும் பேட்டரி கரைகிறது. எங்கே தேடுவது?

பவர்டாப் என்ற கருவியை ஓட்டுங்கள். விநாடிக்கு எத்தனை முறை, யாரால் எழுப்பப்பட்டது என்று பட்டியல் தரும். என் கணினியில் ஒருமுறை அந்தப் பட்டியலின் உச்சியில் இருந்தது நானே எழுதிய பைத்தான் நிரல். ஒரு கோப்பு மாறியதா என்று 2 மில்லி விநாடிக்கு ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. விநாடிக்கு 500 எழுப்பல். சிபியு பயன்பாடு 1 சதவீதம்கூட இல்லாததால் வாரக்கணக்கில் கண்ணில் படவில்லை. ஐநோட்டிஃபை மூலம் கெர்னலே சொல்லும்படி மாற்றினேன், எழுப்பல் நின்றது.

ஒரு கோர் விழித்திருந்தாலும் சில்லு முழுவதற்குமான ஆழ்ந்த தூக்கம் கிடைக்காது என்பதை மறக்காதீர்கள். கட்டாயம் எட்டிப் பார்த்தே ஆக வேண்டிய நிரல் என்றால் டைமர் ஸ்லாக்கை, அதாவது டைமர் எவ்வளவு தாமதமாக அடிக்கலாம் என்ற சலுகையைக் கூட்டுங்கள். இயல்பாக அது 50 மைக்ரோ விநாடி. கூட்டினால் உங்கள் டைமரைப் பக்கத்து டைமரோடு சேர்த்து ஒரே எழுப்பலில் முடிக்கக் கெர்னலுக்கு இடம் கிடைக்கும்.

கேள்வி: ஒலிப்பதிவில் தாமதம் வரக் கூடாது என்று, எழ ஆகும் தாமதத்துக்கு வரம்பு சொல்லும் சிபியு டிஎம்ஏ லேட்டன்சி கோப்பில் எக்கோ கட்டளையால் 0 எழுதினேன். ஒன்றும் மாறவில்லை.

எக்கோ எழுதியதும் கோப்பை மூடிவிடுகிறது. மூடிய நொடியே உங்கள் கோரிக்கையும் ரத்து. கோப்பைத் திறந்து, எழுதி, மூடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் சிறு நிரல் ஒன்று வேண்டும்.

0 எழுதவும் வேண்டாம். அப்படி எழுதினால் கோர் தூங்காமல் லூப்பில் சுற்றும். சூடேறும், பக்கத்துக் கோர்களுக்குக் கிடைக்க வேண்டிய டர்போவும் (தற்காலிக வேக ஏற்றம்) குறையும். 5 (மைக்ரோ விநாடி) என்று கொடுத்தால் சி1 வரை போகும், 10 என்றால் அதைவிடச் சற்று ஆழமான சி1இ வரை. ஒலிப்பதிவுக்கு 10 தாராளம்.

கேள்வி: ஆழ்ந்த தூக்கத்தில் கோருக்குள் இருக்கும் டைமரும் நின்றுவிடுமாமே. பிறகு யார் எழுப்புவது?

பழைய செயலிகளில் நின்றுவிடும். அப்போது வெளியே இருக்கும் ஹெச்பெட் போன்ற டைமர் பொதுவான அலாரமாக நின்று, உரிய கோரைத் தட்டி எழுப்பும். சிபியு தகவலில் 'அராட்' என்ற கொடி இருந்தால் உங்கள் டைமர் தூங்காது, கவலை வேண்டாம்.

கேள்வி: மெய்நிகர் இயந்திரத்துக்குள்ளும் இவ்வளவு பாடு உண்டா?

வேறு விதமான பாடு. உள்ளே இருக்கும் கெர்னல் ஹால்ட் போட்டால் கட்டுப்பாடு அதைத் தாங்கும் உண்மைக் கணினியான ஹோஸ்டுக்குப் போகும், திரும்பி வர நேரமாகும். அதனால் 5.4இல் ஹால்ட்போல் என்ற கவர்னர் வந்தது. ஹால்ட் போடுவதற்கு முன் அதிகபட்சம் 200 மைக்ரோ விநாடி கண் விழித்துக் காத்திருக்கும், அதற்குள் வேலை வந்தால் ஹோஸ்டைத் தொந்தரவு செய்யாது. கேவிஎம் என்ற லினக்ஸ் வசதியின் மேல் ஓடும் மெய்நிகர் இயந்திரங்களுக்கானது. ஹோஸ்டின் மின்சாரக் கட்டணம் உங்களுடையதாக இருந்தால் அந்த 200ஐக் குறைத்துப் பாருங்கள்.