சிங்கப்பூரில் ஒரு காலைப்பொழுது மட்டும் கையில் இருந்தால் எங்கே போகலாம்?

கூட்டம் இல்லாத, கொஞ்சம் பழைய சிங்கப்பூர் தெரிகிற இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் தெற்குக் கடலோரத்தில் இருக்கும் லாப்ரடார் பூங்காவுக்குப் போங்கள். வட்டப்பாதை ரயிலில் லாப்ரடார் பார்க் நிலையத்தில் இறங்கினால், பக்கத்திலேயே பெர்லேயர் ஓடையை ஒட்டி மரப்பாலம் தொடங்கும். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். குனிந்து பார்த்தால் சேற்றில் தாவித் தாவிப் போகும் மீன்கள் தெரியும்.

தீவைச் சுற்றிலும் கடலைத் தூர்த்து நிலமாக்கிவிட்டார்கள். சிங்கப்பூரின் முக்கியத் தீவில் மக்கள் போய்ப் பார்க்கக்கூடிய ஒரே கடலோரப் பாறைக் குன்று லாப்ரடாரில்தான் இருக்கிறது. அதன் அடியில் கடற்புல்லும் பவளமும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. 2002இல் இதை இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். அந்த ஒரு முடிவுக்காகவே எனக்கு இந்த ஊர்மேல் தனிப் பிரியம்.

குன்றின்மேல் ஏறினால் பாசிர் பாஞ்சாங் கோட்டையின் மிச்சங்கள். கெப்பல் துறைமுகத்தின் வாசலைக் காக்க 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் கட்டியது. பீரங்கி மேடைகள் கடலைப் பார்த்து நிற்கின்றன. 1942இல் ஜப்பானியப் படை வந்ததோ மலாயா வழியாக, வடக்கிலிருந்து. இப்போது அந்தச் சுவர்களை ஆலமர வேர்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ஆனால் என் மனதில் நிற்பது கீழே கடலோரத்தில் இருக்கும் ஒரு செயற்கைப் பாறை. 14ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த சீனப் பயணி வாங் தாயுவான், 'லோங் யா மென்' என்ற இடத்தைக் குறித்துவைத்தார். 'டிராகன் பல் வாசல்' என்று பொருள். மாலுமிகளுக்கு அடையாளமாக அங்கே நின்ற பாறையை, கப்பல்கள் வர இடம் போதவில்லை என்று 1848இல் பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2005இல் அதன் நினைவாக இந்த மாதிரியை வைத்தார்கள்.

ஊரிலிருந்து வந்த அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். "அசல் எங்கேப்பா இருந்தது?" என்று கேட்டார். கப்பல் போய்க்கொண்டிருந்த தண்ணீரைக் காட்டினேன். வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றார்.

அப்புறம், காலை 7 மணிக்கே போய்விடுங்கள். அந்த நேரத்தில் கடல்நீர் வடிந்திருக்கும் நாளாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.